சீவிய மெழுகு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். நல்ல வெயில். பக்கத்து வீட்டில் கோழி பொரிக்கிற வாசனை. தெருவில் பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்திலா பேய் வரும் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒரு சொல் கூட்டிச் சொன்னால் என் நாக்கு அழுகட்டும்.

என் பெயர் இடெல்லா க்ரூஸ். டெல்லா என்றால்தான் யாருக்கும் தெரியும். 1923-இல் சிகாகோவின் தெற்குப் பக்கத்தில், சிஸ்டர் ப்ரூவிட் என்ற சர்ச் அம்மாளின் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். கூட இருந்தவள் லுவீனியா. நாங்கள் வீனி என்போம். ஜார்ஜியா, அலபாமா என்று ஊர் ஊராகப் போகும் ஆட்டக் கூடாரங்களில் ஏழு வருஷம் சேர்ந்து பாடியவர்கள் நாங்கள். ஒரே தட்டில் சாப்பிட்டோம். கறுப்பர்களுக்குப் படுக்க இடம் கொடுக்காத ஊர்களில், ரயில் மேடையில் முதுகோடு முதுகு சாய்ந்து தூங்கியிருக்கிறோம். சொந்தத் தங்கச்சியாக இருந்தால்கூட அவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

பாட்டு என்னுடையது. என் கணவர் சைலஸை ஆற்று வெள்ளம் கொண்டுபோன வருஷம் நானாகச் செய்த பாட்டு.

"ஆறு வந்து கதவைத் தட்டுச்சு, உள்ள வான்னு சொன்னேன்…
ஆறு வந்து கதவைத் தட்டுச்சு, உள்ள வான்னு சொன்னேன்…
ஆறு திரும்பிப் போறப்ப, உன்னையும் கூட்டிப் போயிருச்சு."

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கொஞ்சம் இடம் விட்டு வைப்பேன். அந்த இடத்தில் வீனி "ம்ம்ம்…" என்று பதில் கொடுப்பாள். எங்கள் பாட்டில் அதுதான் முறை. ஒருத்தி கூப்பிடுவாள், இன்னொருத்தி பதில் சொல்வாள். இன்னொரு முறையும் உண்டு. ஒருத்தி செய்த பாட்டை இன்னொருத்தி பாட வேண்டுமென்றால் செய்தவளிடம் கேட்டுவிட்டுத்தான் பாடுவாள். ஊருக்கே தெரிந்த குடிகாரிகூட அதை மீற மாட்டாள்.

அந்தக் கோடையில் ரிக்கார்டு கம்பெனிக்காரர்கள் எங்கள் பெண்களைத் தேடிப் பிடித்துப் பாடவைத்துக்கொண்டிருந்தார்கள். கெய்தர் என்று ஒருவர். எங்கள் ஆள்தான், கம்பெனிக்காக ஆள் பிடிக்கிறவர். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போனார்.

ஜன்னலெல்லாம் அடைத்த அறை. அந்த வெக்கையிலும் அடுப்பு எரிந்தது. மெழுகு இளகி இருக்க வேண்டுமாம். சுவரிலிருந்து ஒரு பெரிய தகரப் புனல் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் முகத்தை வைத்துப் பாட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்காரர் மெழுகுத் தட்டில் பாட்டை வெட்டிக்கொண்டிருப்பார். நடுவில் யாராவது இருமினால் போச்சு. அந்தத் தட்டு ஆகாது.

"மிஸ் டெல்லா, நீங்க மூச்சு இழுக்குறப்ப 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம் வருதே?" என்றார் கெய்தர்.

"முன்பல்லு சந்து. கூடப் பொறந்தது. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"மெஷினுக்கு ஆகாது. முகத்தைத் திருப்பிக்கிட்டு மூச்சு வாங்குங்க."

பாடினேன். மறந்துபோய் ஒரு இடத்தில் புனலுக்குள்ளேயே 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தேன். ஆனால் பாட்டு அப்படி வந்தது. சைலஸ் அறைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. மெஷின்காரர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

வீனி என் தோளை இடித்தாள். "போட்டுக் காட்டச் சொல்லுடி. உன் குரலை நீயே கேட்டதில்லையே."

"கேக்கலாம்," என்றார் கெய்தர். "ஆனா மெழுகு மேல ஒரு தடவை ஊசி ஓடுனா அதோட அது செத்துச்சு. அப்புறம் அதை வச்சு ரிக்கார்டு போட முடியாது. நல்லா வந்திருக்கு, விட்டுருங்கம்மா."

"செவ்வாய்க்கிழமை வந்து இதைவிட நல்லாப் பாடிருவா சார். பாவம், ஆசைப்படுறா."

ஆசைதான். முப்பத்தோரு வயசு வரைக்கும் என் குரல் வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. சரி என்றேன். போட்டார்கள். கேட்டேன். அழுதேன். பிறகு மெஷின்காரர் அந்தத் தட்டை ஒரு சுழலும் கத்தியில் வைத்து மேல்பக்கத்தைச் சீவினார். மறுபடி உபயோகிப்பார்களாம். பழுப்பு மெழுகு மெல்லிய நூலாகச் சுருண்டு சுருண்டு தரையில் விழுந்தது. வீனி குனிந்து ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

"பாரு டெல்லா, உன் குரலு," என்று சிரித்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்து சொன்னாள். "நாளைக்கு இல்லியாம்டி. கெய்தர் சொல்லி அனுப்பிச்சாரு. வியாழக்கிழமையாம்." சொல்லிவிட்டுக் கெளுத்தி மீன் பொரித்துக் கொடுத்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்து தேன் விட்டுச் சூடாகக் கொண்டுவந்தாள். "தொண்டைக்கு நல்லது, குடி. வியாழக்கிழமை ஊரே அதிரணும்." மறுநாள் காலையில் கேரி என்ற பக்கத்து ஊரில் இருக்கும் சித்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். போட்டுக்கொள்ள என் நீலக் கவுனைக் கேட்டாள். பொத்தானை நானேதான் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை கம்பெனிப் படியேறினேன். கெய்தர் முழித்தார்.

"உங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்களே? பாட்டைக்கூட நீங்களே குடுத்துட்டதா… செவ்வாய்க்கிழமையே வீனி பாடி முடிச்சுட்டாங்களே?"

மெஷின்காரர் நல்ல மனுஷன், எனக்கு ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார். "உங்க மெழுகுத் தட்டுலதாம்மா அவங்க பாட்டை எடுத்தோம். சீவி வச்சது கையோட கிடைச்சுது."

படி இறங்கியது எனக்கு நினைவில்லை. அறைக்கு வந்தால் அவள் பெட்டி இல்லை, செருப்பு இல்லை. தேன் ஒட்டிய கோப்பை மட்டும் இருந்தது. கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதை நான் அதுவரை சும்மா ஒரு பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். என் புருஷனுக்காக நான் அழுத அழுகையை எடுத்துக்கொண்டு போய் விற்றிருக்கிறாள். அதுவும் என் கவுனைப் போட்டுக்கொண்டு. அன்றிலிருந்து என் குரல் போனது. பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று. ஒரு சலவைச் சாலையில் இஸ்திரி போடப் போனேன். பாடாத டெல்லா யார் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் குரல் திரும்பி வந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது.

அக்டோபரில் ரிக்கார்டு வெளியே வந்தது. ஸ்டேட் தெருவில் முடிவெட்டுகிற கடை, மீன் கடை, எந்த ஜன்னலைக் கடந்தாலும் என் பாட்டு, அவள் குரலில். ஒன்று வாங்கினேன். பாடியது லுவீனியா, இயற்றியது லுவீனியா என்று நடுவில் போட்டிருந்தது. அதே மாதம்தான் சிஸ்டர் ப்ரூவிட் தன் செத்துப்போன கணவரின் கிராமபோன் பெட்டியைக் கீழே இடம் இல்லையென்று என் அறை மூலைக்கு ஏற்றியிருந்தாள்.

"தோத்திரப் பாட்டு போட்டுக்க. ஞாயித்துக்கிழமையில சாத்தான் பாட்டு கேட்டுச்சோ, பெட்டியோட உன்னையும் தெருவுல எறிஞ்சிருவேன், ஆமா."

எனக்கு விடுமுறை ஞாயிறு மட்டும்தான். அவள் சர்ச்சுக்குப் போனதும் சாவி கொடுத்தேன். ஊசியை வைத்தேன்.

வீனி பாடினாள். நன்றாகத்தான் பாடினாள், பாவி. "உன்னையும் கூட்டிப் போயிருச்சு" என்ற இடத்தில் லேசாகச் சிரித்திருந்தாள். சைலஸ் போன இடத்தில் சிரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

இரண்டாவது சுற்று வரிக்கு முன்னால்…

"ஸ்ஸ்."

கை நின்றது. வீனிக்குப் பல்வரிசை முத்து மாதிரி. சந்தே கிடையாது.

மறுபடி வைத்தேன். அதே இடம். "ஸ்ஸ்." என் மூச்சு.

மெழுகை மேலாகச் சீவியிருப்பார்கள், அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் சலவைச் சாலையில் இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேஜைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் முனகிக்கொண்டிருந்தேன். இரண்டே இரண்டு சுரம், ஆனால் குரல்! என் தொண்டையில் என் குரல்.

அடுத்த ஞாயிறு வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இந்தத் தடவை வரியின் கடைசியில் இருந்த இடத்தில் ஒரு "ம்ம்ம்…" கேட்டது. தாழ்வாக, எங்கோ அடியிலிருந்து. முன் வாரம் அது இல்லை. ரிக்கார்டு ஓட ஓடத் தேயும், இரைச்சல் கூடும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். இது ஓட ஓடத் தெளிந்தது. முடிவெட்டுகிற கடை வாசலில் நின்று அவர்கள் ரிக்கார்டைக் கவனித்துக் கேட்டேன். அதில் வீனி மட்டும்தான் இருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு இன்னொன்று கேட்டது.

இருமல்.

வீனியின் இருமல். பாட்டின் நடுவில்.

இருமினால் அந்தத் தட்டு ஆகாது. இருமலோடு ஒரு ரிக்கார்டு வெளியே வரவே வராது. எனக்குத் தெரியும். அவர்கள் முறை அது.

கதவு தட்டினார்கள். தூக்கிவாரிப் போட்டது. சிஸ்டர் ப்ரூவிட், தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ஏண்டி, யாரு வந்திருக்கா? வீனியா?"

"யாரும் இல்லியே."

"ஓய்வு நாள்ல பொய் வேறயா? மாடிப்படி வரைக்கும் கேக்குது. ரெண்டு பொம்பளைங்க பாடுனீங்க. ஒருத்தி இருமுனா." உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டில், நாற்காலி, பெட்டி. அவள் முகம் மாறியது. வேறொன்றும் பேசாமல் இறங்கிப் போனாள். திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏன் நிறுத்த வேண்டும்? ஒவ்வொரு ஞாயிறும் அவள் குரல் இளைத்தது, என் குரல் தேறியது. வாரத்துக்கு வாரம் என் தொண்டைக்கும் ஒரு படி திரும்பி வந்தது. திருடியவளிடமிருந்து என் பொருள் எனக்கு வருகிறது. யார் என்ன சொல்ல முடியும்?

நவம்பர் கடைசி ஞாயிறு. வெயில் அடித்தது, ஆனால் அறை குளிர்ந்தது. பெட்டிக்கு முழுச் சாவி கொடுத்தேன். ஊசியை வைத்தேன்.

"ஸ்ஸ்."

முதல் வரியே என் குரல். பெரிதாக, நிறைவாக, புனலுக்குள் பாடிய அந்த வெள்ளிக்கிழமைக் குரல். அடியில் எங்கோ வீனி. பதில் கொடுக்கவில்லை. மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சுற்று. தெருவில் கயிறு தாண்டுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது.

சாவி தீர்ந்தது. தட்டு மெதுவானது. நின்றது.

நின்ற தட்டிலிருந்து பாட்டு வந்துகொண்டே இருந்தது…

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

இருமல். நனைந்த இருமல். வாயில் ஏதோ அடைத்த மாதிரி.

"டெல்லா…"

வீனி. பாட்டில் இல்லாத சொல். என் பெயர்.

"டெல்லா…"

எலுமிச்சம்பழமும் தேனும் கொண்டுவந்து நீட்டினபோது கூப்பிட்டாளே, அதே குரல். அந்தக் கோப்பை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனாலும் கை போய்ச் சாவியைப் பிடித்தது.

"பாடு," என்றேன். "என் பாட்டுதானே வேணும்னே? பாடு."

திருகினேன். தட்டு சுழன்றது.

ஏதோ அறுந்தது. மெல்லிய சத்தம். நூல் அறுவது போல.

பிறகு இருமல் இல்லை. மூச்சு இல்லை. என் குரல் மட்டும். வரியின் கடைசியில் வெறும் இடம்…

வெளியே மூன்று மணி ஆராதனைக்கு மணி அடித்தது.

ஓடினேன். ஊசியை எடுக்கவில்லை. எதையும் தொடவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு, கீழே சிஸ்டர் ப்ரூவிட்டின் சமையலறைப் பெஞ்சில் படுத்தேன். அவள் ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள்.

அதற்கப்புறம் என் குரல் முழுசாக வந்துவிட்டது. தெருமுனைக் கேளிக்கை விடுதியில் பாடச் சொன்னார்கள். பாடினேன். இரண்டு வாரம் மாடிக்குப் போகவே இல்லை.

மூன்றாவது வாரம் கட்டை லெம் சிகாகோ வந்தான். கூடாரக் காலத்திலிருந்து தெரிந்த கோமாளி. நான் பாடுகிற விடுதிக்கு வந்து, ஒரு வரி கேட்டுவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். பாட்டு முடிந்ததும் என்னை ஒரு மூலைக்கு அழைத்துப் போனான்.

"வீனி செத்துட்டா டெல்லா."

"எப்ப?"

"போன மாசக் கடைசி ஞாயிறு. செயின்ட் லூயிஸ்ல, மதிய ஆட்டத்துல. கொஞ்ச நாளாவே ஞாயித்துக்கிழமை வந்தா அவளுக்குத் தொண்டை அடைக்கும். இருமுவா. அன்னைக்கு மேடையில வாயத் திறந்தா…" லெம் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். "உன் குரலு வந்துச்சு. அந்த 'ஸ்ஸ்' கூட. சத்தியமா. ஜனம் எழுந்து நின்னு கை தட்டுது. வாத்தியக்காரங்க பயந்து நிறுத்திட்டாங்க. அவ நிறுத்தல. நிறுத்த முடியல. ரெண்டு கையாலயும் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு எங்களைப் பாத்து அழுவுறா, பாட்டு மட்டும் வந்துக்கிட்டே இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் விழுந்துட்டா. டாக்டர் வந்து தொண்டைக்குள்ள என்னமோ இருக்குன்னு இடுக்கி போட்டு இழுத்தாரு. நூலு மாதிரி. பழுப்பு நிறம். மெழுகுன்னாரு. இழுக்க இழுக்க வந்துச்சு டெல்லா, ஒரு கிண்ணம் நிறைய. கடைசியில அறுந்து போச்சு."

"ஏதாவது சொன்னாளா?"

"விழுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அவ சொந்தக் குரலு வந்துச்சு. உன்னைத்தான் சொன்னா. எங்களுக்குப் புரியல." லெம் தொப்பியைத் திருகினான். "'டெல்லாகிட்டச் சொல்லுங்க, ஊசியை எடுக்கச் சொல்லுங்க'ன்னா."

நான் ரிக்கார்டு வாங்கியது யாருக்கும் தெரியாது. வீனி வீட்டை விட்டுப் போனபோது அந்தக் கிராமபோன் பெட்டி என் அறையில் இல்லவே இல்லை.

அவள் எனக்குச் செய்தது துரோகம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்று மாலையே மாடிக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன். சாவி தீர்ந்த பெட்டி. நின்ற தட்டு. அதன்மேல் அப்படியே ஊசி.

எடுத்தேன்.

நெடுநாள் அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ விட்டார்கள். என் காதுக்குப் பக்கத்தில்.

அதில் 'ஸ்ஸ்' இல்லை.